கைகட்டி நிற்கக் கற்பிப்பவர்

உடலிலும் அறிவிலும் கடுமையான குறைபாடுடைய நடுவயதினர் ஒருவரை, மலேசியாவின் கிள்ளான் நகரில் சலவைக் கடை நடத்தும் என் நண்பரிடம் சிபாரிசு செய்திருந்தேன். ஒருநாள் வேலையைப் பார்த்த பின்னரே சேர்த்துக்கொள்வதாக நண்பர் கூறிவிட்டார். வேலையில் அவருக்குத் துணைநிற்க ஓர் இளம்பெண்ணும், அப்பெண்ணுக்குப் பயிற்சியளிக்கும் அம்மையாரும் பிரிக்பீல்ட்ஸிலுள்ள ஒரு பயிற்சி மையத்திலிருந்து வந்திருந்தனர். அம்மையார் நெடிய உருவினர். நரைத்த குட்டை முடி. எங்கு நின்றாலும் கைகளைக் கட்டிக்கொண்டே நிற்பார். அதனைச் செருக்கென்றே கருதினேன்.

அம்மனிதர் மடித்த துண்டொன்று தரையில் விழுந்தது. இளம்பெண் சட்டெனக் குனிந்தார்.

"கையக் கட்டுங்க லா!" என்றார் அம்மையார்.

"பாவம், மேடம்."

"நீங்க எடுத்துக் கொடுத்தா பாஸ் யார வேலைக்கு வைப்பாரு?"

நண்பர் முகம் சுளித்தார். அம்மனிதர் துண்டையே நெடுநேரம் நோக்கினார். பின்னர் அதனை எடுத்து அழுக்குக் கூடையில் போட்டுவிட்டு, வேறொன்றை மடிக்கலானார்.

"சரி, நாளைக்கும் வரட்டும்," என்றார் நண்பர்.

"நாளைக்கு நான் எங்க நிக்கணும், மேடம்?" என்று கேட்டார் இளம்பெண்.

"வாசல்ல. கொஞ்ச நாள் போனா ரோட்டுக்கு அந்தப் பக்கம்."

"அப்புறம்?"

"அப்புறம் அவருக்கு நீங்க வேணாம்."

இளம்பெண்ணின் முகம் வாடிற்று. அந்த வாட்டத்தைக் கண்டபோதுதான் அம்மையார் அன்று முதன்முறையாகப் புன்னகைத்தார். தாமும் ஒருகாலத்தில் அப்படி வாடியவர்தானோ என்பது எனக்கு இன்றளவும் முழுமையாக விளங்கவில்லை; அந்தக் கட்டிய கைகள் செருக்கல்ல என்பது மட்டும் விளங்கிற்று.