யாரும் பார்க்கக் கூடாத தாள்

‘வாசிப்பின் பயன்கள்’ என்ற தலைப்பில் ஒரு மணி நேரம் பேச முடியுமா என்று தொலைபேசியில் கேட்டார்கள். முடியாது என்றேன். வாசிப்பால் எனக்கு ஒரு பயனும் விளைந்ததில்லை. பதவி உயர்வு வரவில்லை. எத்தனையோ கறி அடிப்பிடித்திருக்கிறது. ரயிலில் கதைப் புத்தகமும் கையுமாக இருந்து, என் ஸ்டேஷனான நியூ லின்னில் இறங்க மறந்து அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வந்திருக்கிறேன். கிடைத்ததெல்லாம் சந்தோஷம் மட்டும்தான். அதை ஸ்லைடு போட்டுக் காட்ட எனக்குத் தெரியாது.

கேட்டவர் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் செயலாளர். தமிழ்நாட்டுக்காரர். வாரம் முழுக்க ஆல்பனியில் கம்ப்யூட்டர் வேலை. சனிக்கிழமை காலையில் வாடகை வகுப்பறைகளின் கதவைத் திறந்து மேசை, கதிரைகளை அடுக்குவதும் அவர்தான். சும்மா சொல்லக் கூடாது, நல்ல மனிதர். ஆனால் எதைத் தொட்டாலும் அதை ஒரு போட்டியாக்காமல் விடமாட்டார். பேச்சுப் போட்டி, பாட்டுப் போட்டி, மாறுவேடப் போட்டி. பிள்ளைகள் சும்மா இருக்கும் போட்டி ஒன்றுதான் இன்னும் வைக்கவில்லை.

“பேச்செல்லாம் வேண்டாம். நான் ஒரு கதை வாசிச்சுக் காட்டுறன். பிறகு பிள்ளையள் தாங்கள் விரும்பினதை எழுதட்டும். ஆனா அதை ஒருத்தரும் வாங்கிப் பார்க்கக் கூடாது” என்றேன்.

“ஆமா மேடம், சூப்பர். அப்படியே பண்ணிடலாம்” என்றார். அதை நான் நம்பினேன்.

நான் இரண்டு சிறுகதைத் தொகுப்பு போட்டவள். சோறு போடுவது த்ரீ கிங்ஸ் பகுதியில் காகிதம், பேனா, கொப்பி விற்கிற ஒரு கடையின் கவுண்டர். இங்குள்ள ஆங்கிலப் பள்ளிகளும் என்னைக் கூப்பிடுவதுண்டு. எங்கே போனாலும் எனக்கு இந்த ஒரே நிபந்தனைதான். அதற்குக் காரணம் இருக்கிறது. பன்னிரண்டு வயதில் ஒரு கட்டுரைப் போட்டிக்கு எங்கள் வீட்டு நாயைப் பற்றி எழுதினேன். அது கள்ளன் வந்தாலும் வாலாட்டுகிற நாய். அப்பா வாங்கிப் பார்த்து, நாலு வரி வெட்டி, நாலு வரி சேர்த்தார். அந்தச் சோம்பேறி நாய் இரண்டாம் பக்கத்தில் பாய்ந்து கள்ளனின் காலைக் கவ்வியது. முதல் பரிசு கிடைத்தது. அப்பா வென்ற கப்பை நான் மேடையேறி வாங்கி வந்தேன். அதற்குப் பிறகு இருபது வருடம் ஒரு வரி எழுதவில்லை. அப்பா மீது எனக்கு இன்றும் கோபம்தான். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்பதற்காக அதைக் குறைத்துக்கொள்ளப் போவதில்லை.

பேசி வைத்த சனிக்கிழமை காலை இருபது பிள்ளைகள் இருந்தார்கள். பெரிய மனிதர் ஒருவரின் தலையிலிருந்த விக்கைக் கடற்பறவை தூக்கிக்கொண்டு போகிற என் கதையை வாசித்தேன். சிரித்தார்கள். பிறகு தாளைக் கொடுத்து, தமிழில் எழுதலாம், இங்கிலிஷில் எழுதலாம், இரண்டையும் கலக்கலாம், ஆளாளுக்குப் பிடித்தது எதுவானாலும் சரி, ஒருவரும் வாங்க மாட்டார்கள், மார்க்ஸ் இல்லை, நான்கூடப் பார்க்க மாட்டேன் என்றேன்.

“தென் வை டூ இட்?” என்று முன்வரிசையில் ஒரு குரல்.

“ஐஸ்கிரீம் எதுக்குக் குடிக்கிறீங்கள்?”

“பிகாஸ் இட்ஸ் யம்!”

“அதுக்குத்தான்.”

பின்வரிசையில், ஸ்வெட்டர் கையை விரல் நுனி வரை இழுத்துவிட்டபடி ஒரு பெண் இருந்தாள். பன்னிரண்டு வயது இருக்கலாம். போன வருடப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு அவளுக்குத்தான். அந்தப் பேச்சைக் கேட்டவர்கள் எல்லோருக்கும் தெரியும், அதை எழுதியவர் அவளுடைய அப்பா என்று. எங்கள் ஆட்களிடம் இது ஒளிவுமறைவான காரியமே இல்லை. பெற்றோர் எழுதுவார்கள், பிள்ளை பாடமாக்கும், கப் வரும், படம் வாட்ஸ்அப்பில் போகும்.

அவள் கையை உயர்த்தினாள். “நாட் ஈவன் மை டாட்?”

“அப்பாவும் பார்க்க மாட்டார்.”

“ப்ராமிஸ்?”

“சத்தியமா.”

அதன்பிறகு அவள் தலையை நிமிர்த்தவில்லை. இடது கையால் தாளை மறைத்துக்கொண்டு எழுதினாள். இரண்டாவது தாள் கேட்டாள், மூன்றாவதும் கேட்டாள். இடைவேளை வந்தபோது தாள்களின் பின்புறத்தில் பெயரைப் போட்டுக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். நானும் தேநீர் எடுக்கப் போனேன். அந்தப் பத்து நிமிடம் நான் அங்கே இல்லாமல் போனது என் பிழை.

திரும்பி வந்தபோது மேசைகள் வெறுமையாக இருந்தன. முன்மேசையில் தாள்கள் ஒரே கட்டாக, கிளிப் போட்டு இருந்தன. பக்கத்தில் மூன்று கப், பெரியது, நடுத்தரம், சின்னது. செயலாளர் தாள்களுக்கு நம்பர் போட ஆயத்தமாகப் பேனாவைத் திறந்திருந்தார். கூடவே நிர்வாகக் குழுவில் இருந்த இன்னொருவர், அந்தப் பெண்ணின் அப்பா, கட்டின் மேல் கையை வைத்தபடி நின்றார்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. கேட்டுக் கதைத்துக்கொண்டிருக்கவில்லை. கட்டை அவர் கைக்குக் கீழிருந்து உருவி நெஞ்சோடு வைத்துக்கொண்டேன்.

“மேடம், சின்னதா ஒரு பரிசு, அவ்வளவுதான். கப் வாங்கியாச்சு” என்றார் செயலாளர்.

“கரம் போட் விளையாட விட்டு, வெல்லுற பிள்ளைக்குக் குடுங்கோ. இது நான் பிள்ளையளுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தது.”

அப்பாக்காரர் முகம் சிவந்துவிட்டது. “அக்கா, நான் அவளின்ர அப்பா. என்ர பிள்ளை எழுதினதை நான் பார்க்கக்கூடாதோ?”

“அவள் தந்தா பாருங்கோ.”

“அப்பிடி என்னத்தை ஒளிக்கிறாள்?”

“ஒளிக்கேல்லை. எழுதியிருக்கிறாள். உங்களைக் கேளாமல் எழுதியிருக்கிறாள், அவ்வளவுதான்.”

கட்டை நான் விடவில்லை. பிள்ளைகள் உள்ளே வந்ததும் தாள்களைக் கவிழ்த்தபடியே மேசையில் பரப்பி, ஆளாளுக்குத் தங்களுடையதை எடுக்கச் சொன்னேன். பலர் மடித்துப் பைக்குள் வைத்தார்கள். சிலர் ராக்கெட் செய்தார்கள். அதுவும் நல்லதுதான்.

அவள் மூன்று தாளையும் எடுத்தாள். அப்பா கையை நீட்டி, “தா” என்றார். அவள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு கதிரையில் உட்கார்ந்து வலது சப்பாத்தின் நாடாவை அவிழ்த்தாள். தாள்களை நாலாக, எட்டாக மடித்து, சப்பாத்துக்குள் பாதத்துக்குக் கீழே வைத்தாள். காலை நுழைத்து நாடாவை இரட்டை முடிச்சாகக் கட்டினாள். “நோ, அப்பா” என்றாள், மெதுவாகத்தான். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் அதைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

எனக்கு வாங்கி வைத்த பொன்னாடையை என்ன செய்வது? போர்த்தினார்கள். போர்த்திய வேகத்தில் கழுத்து நொந்தது. நன்றியுரையில் செயலாளர் வாசிப்பின் பயன்கள் பத்தையும் வரிசையாகச் சொல்லி முடித்தார். அதற்குப் பிறகு அந்தப் பள்ளியிலிருந்து எனக்கு அழைப்பு வரவில்லை. நான் பெற்றோரை மதிக்கத் தெரியாதவள் என்று சொல்கிறார்களாம். சொல்லட்டும். இனிக் கூப்பிட்டாலும் அதே கதையைத்தான் வாசிப்பேன், அதே நிபந்தனையைத்தான் போடுவேன்.

ஐந்தாறு மாதம் கழித்து, ஒரு ஞாயிறு பின்னேரம், நான் கவுண்டரில் நிற்கும்போது அந்த அப்பா வந்தார். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு தடித்த கொப்பி ஒன்றை என் முன்னால் வைத்தார்.

“இதோட மூண்டாவது” என்றார். “பேச்சுப் போட்டிக்கும் போகமாட்டாளாம். அறைக் கதவைச் சாத்திப்போட்டு எழுதுறாள். எல்லாம் உங்களாலதான்.”

“ஓம், என்னாலதான்” என்றேன்.

கொப்பியைப் பையில் போட்டுக் கொடுத்தேன். அவர் போகவில்லை. குரலைத் தணித்துக்கொண்டு, “என்ன எழுதுறாள் எண்டு உங்களுக்காவது சொன்னவளோ?” என்றார்.

“இல்லை.”

“ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோவன் அக்கா. நீங்கள் கேட்டாச் சொல்லுவாள்.”

சத்தியமாக அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. என் அப்பா ஒருநாளும் எனக்குக் கொப்பி வாங்கித் தந்து, இப்படிக் கவுண்டருக்கு வெளியே நின்றதில்லை.

“கேட்கமாட்டன்” என்றேன்.

அப்போதுதான் அவருக்குப் பின்னால், வாழ்த்து மடல் அடுக்கியிருந்த தட்டுக்குப் பக்கத்தில் அவள் நிற்பதைக் கண்டேன். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அவள் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தபடி, வலது சப்பாத்தால் தரையை இரண்டு தரம் தட்டினாள்.