சாவடியில் நின்ற குடுவை

எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. பெங்களூர் ஆய்வகத்தில் என் குடுவையை நான் சும்மா விட்ட நாழிகை கிடையாது. எடுப்பேன், ஆட்டுவேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன், சலித்துப்போய் வைப்பேன்.

உள்ளே இருந்தது சர்க்கரையிலிருந்து செய்த பாகு. அந்தச் சர்க்கரை மூலக்கூறு ஒரு வளையம். அதில் ஒட்டியிருக்கும் புரோமினைக் கழற்றினால் அங்கே மெத்தனால் வந்து சேரும். வளையத்துக்கு மேலாகவும் சேரலாம், கீழாகவும் சேரலாம். வளையத்தில் பக்கத்திலேயே ஒட்டியிருக்கும் அசிட்டேட் தொகுதி கீழ்வழியை அடைத்துவிடும், மேலாக மட்டும்தான் சேரும் என்று பேராசிரியரிடம் மார்தட்டியிருந்தேன்.

"படிகத்த மட்டும் காட்டி ஏமாத்தாதே. படிகம் போக மிஞ்சுற கரைசலையும் கொண்டா. கீழ்வடிவம் இருந்தா அதுலதான் ஒளிஞ்சிருக்கும்" என்றார். திங்கட்கிழமை கெடு. தவறினால் என் ஆய்வுத் தலைப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்.

சனிக்கிழமை வரை ஒரு படிகம்கூட விழவில்லை. ஞாயிறு முழுக்க அதைப் பார்க்காமல் இருக்க என்னால் ஆகுமா? படிகம் விழட்டும் என்று பாகை ஆல்கஹாலில் கரைத்து, குடுவையோடு பையில் வைத்துக்கொண்டு, ஊருக்குப் போக ஓசூர் பஸ் ஏறிவிட்டேன். அப்போது எங்கள் தமிழ்நாட்டுப் பக்கம் மதுவிலக்கு, எல்லையில் சோதனைச் சாவடி உண்டு என்பது என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.

"என்னாயா, பை இந்த நாத்தம் நாறுது?" போலீஸ்காரர் தக்கையைப் பிடுங்கி முகர்ந்தார்.

"குடிக்கிறதில்லீங்க ஐயா, சர்க்கரை ஆராய்ச்சி."

"சர்க்கரையும் ஸ்பிரிட்டும் சேர்ந்தா என்னா ஆவும்னு எனக்குத் தெரியாதா? ஓரமா நில்லு."

பஸ் போய்விட்டது. குடுவை அவர் மேசைமேல் இருந்தது, நான் தொடக்கூடாது. இரண்டு மணி நேரம் சாவடியைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். கடைசியில் அதிகாரி வந்து என் ஆய்வகக் கடிதத்தைப் படித்தார்.

"படிச்ச புள்ள, விட்டுடு. தண்ணிய மட்டும் எடுத்து வை."

போலீஸ்காரர் குடுவையைச் சாய்த்துக் கரைசலை ஒரு பாட்டிலில் வடித்து, அரக்கு முத்திரை வைத்தார். "இந்தா தம்பி, உன் சர்க்கரை அடியில தங்கியிருக்குது."

அடியில் வெள்ளை வெளேரென்று ஊசி ஊசியாகப் படிகம்! அடப்பாவி, நான் ஆட்டாமல் விட்டதும் வந்துவிட்டதே! சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அப்புறம்தான் அந்தப் பாட்டிலைப் பார்த்தேன்.

"ஐயா, அதையும் குடுத்துடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"கேஸ் பொருளுப்பா. தொட்டா உன் பேரையும் சேர்த்து எழுதணும்."

திங்கட்கிழமை, ஒளி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அளக்கும் போலாரிமீட்டரில் என் படிகம் ஒளியை இடப்பக்கம் திருப்பியது. கீழ்வடிவமென்றால் வலப்பக்கம் திருப்பும்; இது சுத்தமான மேல்வடிவம். பேராசிரியர் தலையாட்டிவிட்டுக் கையை நீட்டினார்.

"மிச்சக் கரைசல் எங்கே?"

"போலீஸ்கிட்ட இருக்கு, சார்."

அன்றைக்கே தலைப்பு கைமாறியது. கீழ்வழியாக ஏதாவது சேர்ந்திருந்ததா இல்லையா என்று எனக்கு இன்றும் தெரியாது. அந்தச் சாவடியைத் தாண்டும்போதெல்லாம் பஸ்ஸில் எழுந்து நின்றுவிடுகிறேன்.