கைராசித் தியரி

பேக்கரிக்காரருக்குத் தெரு வைத்த பெயர் ‘தியரி’. எதைக் கேட்டாலும் அவரிடம் ஒன்று தயாராக இருக்கும். பல்வலி வருவது இடது பக்கம் படுப்பதால், மழை வராதது எதிர்வீட்டுக்காரர் புதுக்குடை வாங்கியதால். சொல்லிவிட்டு, “இது என் தியரி” என்று மார்பைத் தட்டிக்கொள்வார். அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். மாவைப் பொங்க வைக்கிற ஈஸ்ட் உயிருள்ளது, சூடு குறைந்தால் சோம்பிப் போகும் என்று டீச்சர் சொன்னாலோ, “அதெல்லாம் வெறும் தியரி” என்று கையை வீசிவிடுவார். தன் வாயில் வந்தால் வேதவாக்கு, உலகமே சோதித்துப் பார்த்துச் சொன்னால் வெறும் தியரி. இந்த நியாயத்தை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது?

டீச்சருக்கு ஒரு தம்பி. போன இடத்திலெல்லாம் வேலை நிலைக்காமல், கடைசியில் அக்காள் புருஷனின் பேக்கரியில் மாவு பிசையச் சேர்ந்திருந்தான். வாரத்தில் பாதி நாள் அவன், பாதி நாள் பழைய ஆள். தம்பி வந்த நாளிலெல்லாம் ரொட்டி உப்பாமல் செருப்பு மாதிரி தட்டையாக வந்தது. பிசைந்த மாவை உப்ப வைக்கும் சூட்டறையை எட்டி எட்டிப் பார்த்தும் அவன் செய்கிற தப்பு பேக்கரிக்காரருக்குப் பிடிபடவில்லை. அப்படியானால் கைராசிதான் இல்லை என்று முடிவு கட்டினார். மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்.

டீச்சருக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் சண்டைக்குப் போகவில்லை, சோதித்துப் பார்க்கலாம் என்றார். ஒரே மாவில் பாதியைத் தம்பி பிசைய, பாதியைப் பழைய ஆள் பிசைந்தார். இரண்டுமே தட்டையாக வந்தன. பேக்கரிக்காரர் அசரவில்லை. பக்கத்தில் நின்றாலே அவன் ராசி ஒட்டிக்கொள்ளும் என்றார்.

“ரெண்டும் உப்பியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?” என்று கேட்டார் டீச்சர்.

“பழைய ஆளோட ராசி இவனையும் காப்பாத்திருச்சுன்னு சொல்லியிருப்பேன்.”

“எது நடந்தாலும் ஜெயிக்கிறதுக்குப் பேரு தியரி இல்லீங்க, பிடிவாதம். இப்படி நடந்தா நான் சொன்னது தப்புன்னு முதல்லயே ஒத்துக்கணும். அப்படித் தோக்கத் துணிஞ்சும் எத்தனை சோதனைக்கும் தோக்காம நிக்குதே, அதத்தான் நாங்க தியரிங்கறோம்.”

ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது அவருக்கு. மறுநாள் மைத்துனன் மட்டும் கடையில் இருக்கட்டும், ரொட்டி உப்பினால் அவன் வேலை நிரந்தரம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். முள்மேல் உட்கார்ந்தது போலத்தான் உட்கார்ந்தார். மத்தியானம் வந்த ரொட்டி, மாமியார் வீட்டுக்குப் போன மாப்பிள்ளை கன்னம் போல உப்பியிருந்தது.

மற்ற நாளில் இருந்து இன்று இல்லாமல் போனது என்ன என்று டீச்சர் தம்பியைக் கேட்டார். அவன் தலையைச் சொறிந்தான்.

“நான் வர்ற நாள்ல மாமா அந்தச் சூட்டறைக் கதவ நிமிஷத்துக்கு ஒரு தடவ திறந்து பாப்பாரு அக்கா. நான் எதக் கெடுக்கறேன்னு பாக்க. இன்னைக்கு அவர் இல்ல.”

வெறும் தியரி என்று பேக்கரிக்காரரின் நாக்கு நுனிவரை வந்தது. வாக்குக் கொடுத்த வாயாயிற்றே, விழுங்கிக்கொண்டார். ஆனால் டீச்சரே அதைச் சொன்னார். இதுவும் இன்னும் ஊகம்தான், தம்பியே சொன்னாலும் சோதிக்காமல் நம்ப மாட்டேன் என்றார்.

அடுத்த நாள் தம்பிக்கு லீவு. கைராசிக்காரரான பழைய ஆள் மாவு பிசைந்தார். பேக்கரிக்காரர் வழக்கம் போலக் கதவைத் திறந்து திறந்து பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு. திறக்கும்போதெல்லாம் உள்ளிருந்த சூடு அவர் முகத்தில் அடித்துவிட்டு வெளியே போனது. ரொட்டி தட்டையாக வந்தது. ஆயுளில் முதல்முறையாக ஒரு சோதனையை ஒழுங்காகச் செய்து முடித்திருந்தார், பாவம், அகப்பட்டவரும் அவரேதான்.

அவருக்கு வெட்கமாக இருந்தது. ஒரு பையனின் பிழைப்பைக் கெடுக்க இருந்தோமே என்று மனசு அடித்துக்கொண்டது. மறுநாள் மைத்துனன் வந்ததும் சூட்டறைச் சாவியை அவன் கையில் வைத்து அழுத்தினார்.

“நீயே வெச்சுக்க மாப்ள. நானே கேட்டாலும் குடுக்காத.”

அவன் மாவை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வந்தான். பேக்கரிக்காரர் கல்லாவில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். பிறகு மெதுவாக அவன் பக்கம் போய் நின்று, ஒரே ஒரு தடவை என்றார்.

முடியாது மாமா என்று சொல்லிவிட்டு, அவன் அடுத்த மாவைப் பிசையத் தொடங்கினான்.