தோஹாவிலிருந்து அழுத்திய பச்சை

என் மகளின் நெஞ்சில் போட்ட தையல் பழுத்துக்கொண்டிருந்த நாட்களில், 'பிள்ளை நலம்' என்று காலைதோறும் ஆஸ்பத்திரிக்கு அறிவித்தவன் நான். பார்க்காமல், கேட்காமல் அறிவித்தேன். பிறகு அந்தப் பழியை என் மனைவியின் தலையில் போட்டேன். இன்றுவரை எடுக்கவில்லை.

என்னை நல்ல தகப்பன் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

ஹிபாவுக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. மூன்று வயதில் கொழும்பில் அறுவைச் சிகிச்சை நடந்தது. கத்தாரில் லொறி ஓட்டும் நான் லீவில் வந்து கூடவே நின்றேன். வீட்டுக்கு அனுப்பும் அன்று தாதி ஒரு கைபேசிச் செயலியைக் காட்டினார். காய்ச்சல் இருக்கிறதா, தையல் சிவந்திருக்கிறதா என்று அது தினமும் கேட்கும். நலமென்றால் பச்சை, சந்தேகமென்றால் சிவப்பு. சிவப்பை அழுத்தினால் அவர்களே அழைத்துப் பேசுவார்கள். கல்முனைப் பக்கத்துச் சாய்ந்தமருதிலிருந்து கொழும்புக்கு ஓடித் திரியும் எங்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி!

"புள்ளையோட நிக்கிற ஆள்ட நம்பரத் தாங்க" என்றார் தாதி.

என் மனைவி ரிஸ்னா வாய் திறப்பதற்குள் என் இலக்கத்தைச் சொன்னேன். வெளியாருக்கு வீட்டுப் பெண்ணின் இலக்கத்தைக் கொடுப்பதா? எங்கள் ஆண்களுக்கு அது கௌரவப் பிரச்சினை... அடுத்த கிழமை விமானம் ஏறப்போகிறவன் நான் என்பதைச் சொல்லவே இல்லை. காயம் சாய்ந்தமருதில், செயலி தோஹாவில்! "நீ எனக்குச் சொல்லு, நான் போட்டுடுறன்" என்று மனைவியிடம் பெருமையாகச் சொல்லிவைத்தேன்.

புறப்படுமுன் சண்டை. "இன்னும் கொஞ்ச நாள் நிண்டு போங்களேன், தனியப் பயமாக் கெடக்கு" என்றாள். அதற்கா அவ்வளவு கத்தினேன்? தோஹா வந்தும் கோபம் ஆறவில்லை. அவளுடைய அழைப்புகளை நான் எடுக்கவில்லை. பேசாமல் இருந்தே அவளை இறங்கி வரச்செய்ய வேண்டும் என்ற வீம்பு.

செயலி மட்டும் தவறாமல் கேட்டது. லொறியைக் கிளப்புமுன் பச்சையை அழுத்தினேன். மறுநாளும் பச்சை. என் பிள்ளையைப் பற்றிய கேள்வி எனக்கு ஒரு தொல்லையாக இருந்தது.

அவளிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. மன்னிப்புக் கேட்கிறாள் என்று எண்ணிக்கொண்டு, கிடந்து தவிக்கட்டும் என்று திறக்காமலே விட்டேன்...

பிறகு அவள் தம்பி அழைத்தான். "மச்சான், ஹிபாக்கு நெருப்பாக் காய்ச்சல். அம்புலன்ஸ்ல கொழும்புக்குக் கொண்டு போறம்." அப்போதுதான் அந்தப் பதிவைக் கேட்டேன்.

"இஞ்சாருங்க... புள்ளைட தையல் செவந்து கெடக்கு, நீர் வடியிற மாதிரியும் இரிக்கி. அந்தப் போன்ல ஒருக்காப் போட்டுடுங்க. அவங்க என்ன சொல்றாங்க எண்டு பாப்பம்."

அவள் காத்திருந்திருக்கிறாள். நான் போட்டதை ஆஸ்பத்திரியில் பார்த்திருப்பார்கள், பயப்பட ஒன்றுமில்லாததால்தான் அழைக்கவில்லை என்று நம்பியிருக்கிறாள். என்னை நம்பியிருக்கிறாள்.

கிருமி உள்ளே இறங்கிவிட்டது. அந்தச் சின்ன நெஞ்சை மறுபடி திறந்தார்கள். பிழைத்தாள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இன்றும் யாராவது அவள் சட்டைப் பொத்தானைத் தொட்டால் அலறுகிறாள்.

தாதி என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "ஒவ்வொரு நாளும் நல்லம் எண்டுதானே போட்டிருக்கீங்க?"

"வைஃப் சொன்னதத்தான் போட்டன், மிஸ்."

நாக்குத் தடுமாறவில்லை. எவ்வளவு லேசாக வந்தது அந்தச் சொல்! அதையே என் உம்மாவிடமும் சொன்னேன். அதன்பின் உம்மா வாசலுக்கு வருவோர் போவோரிடமெல்லாம், "பெத்த புள்ளைட காயத்தப் பாக்கத் தெரியாதவள்" என்று ரிஸ்னாவை ஏசித் திரிந்தார். நான் தடுக்கவில்லை. குரல் பதிவைப் பற்றி ரிஸ்னா என்னிடம் ஒரே ஒருமுறை கேட்டாள். "ஒரே காத்துச் சத்தம், நீ சொன்னது ஒண்டும் விளங்கல்ல" என்றேன். அதையும் நம்பினாள். ஏன் நம்பினாள்? ஒருமுறையாவது என் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கக் கூடாதா? அவள் நம்பிக்கையின் மேல்கூட எனக்குக் கோபம் வருகிறது. பாருங்கள், இப்போதும் குற்றத்தை அவள் பக்கமே தள்ளுகிறேன்.

போன லீவு முடிந்து நான் புறப்பட்டபோது வீட்டில் எல்லோரும் கூடியிருந்தார்கள். பயணம் போகிறவரிடம், அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளைப் பொருந்திக்கொள்ளும்படி, அதாவது மன்னிக்கும்படி, கேட்பது எங்கள் வழக்கம். உம்மா கேட்டார், ரிஸ்னாவின் தம்பி கேட்டான். கடைசியில் ரிஸ்னா ஹிபாவை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஹிபாட விசயத்துல என்னப் பொருந்திக்குங்க. நாந்தான் திருப்பிப் போன் அடிச்சிக் கேட்டிருக்கணும்."

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை போதும், அவள் நிமிர்ந்திருப்பாள். 

"சரி, பொருந்திட்டன்" என்றேன்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெரிய பாரம் இறங்கினவளாய் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.