மேல் டிவிசனுக்குத் தேர் போன விதம்

மண் சரிந்து எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனுக்குப் போகிற ரோடு அறுந்துபோன வருசம் அது. மாரியம்மன் தேர் இந்தத் தடவை மேலே ஏறாது என்று கோயில் கமிட்டி சொல்லிவிட்டது. மேலே உள்ள வயதானவர்களும் நோயாளிகளும் கீழே இறங்கி வர முடியாதவர்கள். அம்மா வாசலுக்கு வராமல் ஒரு திருவிழாவா என்று அவர்கள் அழுததாகக் கேட்டபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஹட்டனில் கம்ப்யூட்டர் படிக்கும் என் மகள் தன் லேப்டாப்பில் ஒரு தேர் செய்து வைத்திருந்தாள். அவள் வரி வரியாக எழுதியதெல்லாம் படமாகி, வரிசை வீடுகளாக இருக்கிற லயத்து வாசல் வழியே உருண்டு போகும். அதை மேலே, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்தில் இருக்கிற பழைய கம்ப்யூட்டரில் காட்டலாம் என்றாள்.

"ஆனா அங்க சிக்னலும் இல்ல, இத ஓட்டுற சாமானும் இல்லப்பா. எல்லாத்தையும் சேத்து ஒரே ஃபைலா கட்டணும். அப்பதான் தன்னால ஓடும்."

"புள்ளையார் சுழி போட்டியா?"

"போட்டா மெசின் கோவிச்சுக்கும்ப்பா."

"புள்ளையாரப் பாத்தா கோவிக்கும்? போடு."

முதல் வரியில் 'உ' போட்டாள். அந்த வரியே பிழை என்று சிவப்பில் வந்து நின்றது.

"மெசினுக்கும் ஒங்களப் பத்தித் தெரிஞ்சிருச்சு" என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்து.

மகள் சிரித்துக்கொண்டே 'உ'வுக்கு முன்னால் இரண்டு சாய்ந்த கோடு போட்டாள். அப்படிப் போட்டால் மெசின் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிவிடுமாம். பிறகு எதையோ தட்டினாள். கொஞ்ச நேரத்தில் ஒரே ஒரு ஃபைல் வந்தது. திறந்து காட்டச் சொன்னேன். உள்ளே கிறுக்கல் கிறுக்கலாக இருந்தது.

"நீ எழுதினது எங்க புள்ள?"

"இதுக்குள்ளதான்ப்பா. மெசின் பாசையா மாறிருச்சு."

கருவறைக்கு முன்னால் நிற்பதுபோல் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவளுக்குத் தெரியாமல் கும்பிட்டுக்கொண்டேன்.

திருவிழா அன்று காலையில் பென் டிரைவை வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு குறுக்குப் பாதையில் ஏறினேன். மடுவத்தில் சனம் நிறைந்திருந்தது. பிள்ளைகளைப் பார்க்கிற ஆயாம்மா அதைச் சொருகி அமுக்கினார். திரை கறுப்பாகவே கிடந்தது.

"பழைய மெசினுங்க. நான் அப்பவே சொன்னேன்" என்றார் ஆயாம்மா.

தாயே, இவங்கள ஏமாத்திராத என்று வாய்க்குள் சொன்னேன்.

திரை வெளுத்தது. லயம் தெரிந்தது. கோடியிலிருந்து தேர் அசைந்து வந்தது. மகளும் இல்லை, அவள் லேப்டாப்பும் இல்லை. அது தன்னால் வந்தது. காலில் கட்டுப் போட்டு முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர், நாற்காலியை மெல்ல ஓரமாக இழுத்தார்.

"தெரியலிங்களா?" என்று கேட்டேன்.

"தெரியுது. தேர் வருதுல்ல, வழி விட வேணாமா?"

நானும் ஒதுங்கி நின்றேன்.