சிவப்பு ரப்பர் பேண்ட் இல்லாத பாட்டில்

இருபத்தாறு வருடம் செய்தித்தாளில் வேலை பார்த்தவன் நான். அதில் பாதிக் காலம், மற்றவர்கள் எழுதி அனுப்புவதைத் திருத்துகிற மேசை. பூட்டிக் கிடக்கும் ஆலையில் சங்கு ஊதுகிறது, ரயில்வே கேட் பக்கம் வெள்ளையாக ஒரு உருவம் நடக்கிறது என்று மாதத்துக்கு ஒன்றாவது வரும். பார்த்தது யார், எந்த இடம், மணி என்ன என்று மூன்று கேள்வி கேட்பேன். பதில் வராது, செய்தியும் வராது. இந்த மாதிரி விஷயங்களில் எனக்கு அன்றும் நம்பிக்கை இல்லை, இன்றும் இருக்கிறதா என்று கேட்டால் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் இப்போது சொல்லப்போவதற்கு அந்த மூன்று கேள்விக்கும் என்னிடம் பதில் உண்டு. கண்ணால் பார்க்கவில்லை, காதால் கேட்டவன் நான். இடம் எண்ணூர் முகத்துவாரத்துக்கு வடக்கே உள்ள மணல் திட்டு. மணி பகல் பன்னிரண்டு இருபது, மே மாத வெயில், இருட்டுக்கு அங்கே இடமே இல்லை.

என்னோடு வந்தவன் ஸ்டீபன். ராயபுரத்துக்காரன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான், என்னைவிடப் பத்து வயது சின்னவன். நாங்கள் இருவரும் வருடத்துக்கு இரண்டு முறை முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு மேற்குத் தொடர்ச்சி மலையில் நடக்கப் போவோம். கூடாரம், அரிசி, அடுப்பு எல்லாம் முதுகில். தண்ணீரை மட்டும் சுமக்க முடியாது, நாலு நாளைக்கு யாரால் முடியும்? வழியில் கிடைப்பதை வடிகட்டி, குளோரின் மாத்திரை போட்டு, அரை மணி நேரம் காத்திருந்து குடிக்க வேண்டும். போன முறை ஸ்டீபன் "ஓடுற தண்ணி நைனா, இன்னா ஆயிடப்போவுது" என்று ஓடையில் வாய் வைத்துக் குடித்துவிட்டு மூன்று நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தான்.

அதற்குப் பிறகு ஒரு விதி வைத்தேன். சுத்தம் செய்த தண்ணீர் உள்ள பாட்டிலின் கழுத்தில் சிவப்பு ரப்பர் பேண்ட் மாட்ட வேண்டும். பேண்ட் இல்லாத பாட்டிலை எவ்வளவு தாகம் எடுத்தாலும் வாயில் வைக்கக் கூடாது, முகம் கழுவலாம், கொட்டலாம், அவ்வளவுதான். என் பேச்சில் வேறு எதையும் கேட்காத ஸ்டீபன் இதை மட்டும் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தான், பட்டவன் அல்லவா.

அடுத்த பயணத்துக்கு முன் முழுச் சுமையோடு ஒரு நாள் ஒத்திகை நடந்து பார்க்கலாம் என்று முடிவு செய்தோம். நான் திருவொற்றியூரில் இருக்கிறேன், தூரம் போவானேன் என்று எண்ணூர் முகத்துவாரத்தைத் தாண்டி, கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவில் வடக்கே போகிற மணலைத் தேர்ந்தெடுத்தோம். குடிக்க ஆளுக்கு ஒரு லிட்டர்தான் எடுத்துக்கொள்வது, மிச்சத்தை வழியில் தேடிச் சுத்தம் செய்வது என்று திட்டம். அக்கரைக் குப்பத்தில் ஒரு கைப்பம்பு இருப்பதாகத் தெரிந்தவர் ஒருவர் சொல்லியிருந்தார்.

முகத்துவாரத்தில் எங்களைப் படகில் அக்கரை சேர்த்தவர் தேசப்பன். மீன்பிடிப்பவர், நாற்பது வயதிருக்கும். எங்கள் மூட்டையைப் பார்த்தார், வடிகட்டியைப் பார்த்தார், விஷயத்தைக் கேட்டார்.

"ஊரே கேன் தண்ணி வாங்கிக் குடிச்சிகினு கீது. நீங்க இன்னாடான்னா எண்ணூருக்கு வந்து தண்ணி தேடிகினு கீறீங்க. வூட்ல சொல்ட்டு வந்தீங்களா சார்?"

"நாங்க மாத்திரை போட்டுக் குடிப்போம்ணே" என்றான் ஸ்டீபன்.

"மாத்திரை தண்ணிக்கா, உங்களுக்கா?"

ஸ்டீபன் சிரித்த சிரிப்பில் படகு ஆடியது.

குப்பத்தில் ஏழெட்டு வீடுகள் இருந்தன, எல்லாம் பூட்டிக் கிடந்தன. பம்பில் குழாய் மட்டும் நின்றது, கைப்பிடி இல்லை. அப்போதே திரும்பியிருக்க வேண்டும். காலை ஒன்பது மணிதானே என்று நடந்தோம். வழியில் வடிகட்டியைச் சோதித்துப் பார்க்க ஒரு பாட்டிலில் கழித் தண்ணீரை அள்ளினேன். சாம்பல் கலந்த சேறு, பத்து நிமிடத்தில் வடிகட்டி அடைத்துக்கொண்டது. அந்தத் தண்ணீரில் டிடிஎஸ் பேனாவை விட்டேன். வடசென்னையில் கேன் தண்ணீர் வாங்குகிற எல்லா வீட்டிலும் இருக்குமே, தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று எண் காட்டுகிற கருவி, அதுதான். காட்டக்கூடிய உச்ச எண்ணைத் தொட்டு அங்கேயே நின்றுவிட்டது. மாத்திரை கிருமியைக் கொல்லும், உப்பை ஒன்றும் செய்யாது. இது எனக்கு நன்றாகத் தெரியும்.

பதினொன்றரைக்கு என் பாட்டில் காலி. ஸ்டீபனிடம் முக்கால் பாட்டில் இருப்பதால் திரும்பி நடக்கலாம் என்றேன். அவன் பத்தடி பின்னால் வந்துகொண்டிருந்தான். நான் திரும்பிப் பார்த்தபோது பாட்டிலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"டேய், இன்னாடா பண்றே!"

"பேண்டு இல்ல நைனா. இது அந்தக் கலீஜ் தண்ணி. தல சுடுது, அதான் ஊத்திக்கினேன்."

ரப்பர் பேண்ட் வெயிலில் இற்று அறுந்து மணலில் கிடந்தது. கழித் தண்ணீர் பாட்டில் என் மூட்டையில் இருந்தது. என் விதியைச் சரியாகக் கடைப்பிடித்ததால், எங்களிடம் இருந்த கடைசிக் குடிநீரை அவன் கொட்டிவிட்டான்.

அடுத்த அரை மணி நேரத்தில் அவனுக்கு வியர்ப்பது நின்றது. தோல் அடுப்பு மாதிரி கொதித்தது. இரண்டு முறை வாந்தி எடுத்தான், பிறகு கால் மடங்கி உட்கார்ந்துவிட்டான். கூடாரத் துணியைக் குச்சியில் கட்டி நிழல் செய்தேன், கடல் தண்ணீரை அள்ளி வந்து உடம்பெல்லாம் ஊற்றினேன். ஆம்புலன்சைக் கூப்பிட்டேன், அவர்களால் எண்ணூர்க் கரை வரைதான் வர முடியும். காலையில் வாங்கி வைத்த நம்பரில் தேசப்பனைக் கூப்பிட்டேன்.

"இப்ப வத்தம் சார், தண்ணி எறங்கிக் கெடக்குது, போட்டு மணல்ல தட்டும். சுத்திகினு வர முக்கா மணி நேரம் ஆவும். அவுர தூங்க வுடாத, பேசிக்கினே இரு."

முக்கால் மணி நேரம். மருத்துவர் கேட்பாரே என்று பாக்கெட் நோட்டை எடுத்து 12.20, பேச்சு குழறுகிறது என்று எழுதினேன். பழக்கம், என் கை தானாக எழுதும்.

அப்போதுதான் ஸ்டீபன் பேச ஆரம்பித்தான். என்னிடம் இல்லை. எனக்கு இடது பக்கம், ஆள் உட்கார்ந்தால் முகம் இருக்கும் உயரத்தைப் பார்த்து.

"தண்ணி இல்லக்கா. நான்தான் கொட்டிட்டேன்."

சற்றுப் பொறுத்து, "எங்க? அந்தத் தாழம்பொதர் கிட்டயா? அதுக்கு மேக்கால மூணு எட்டா?"

அங்கே தாழம்புதர் எதுவும் இல்லை. சாம்பல் நிற மணல், தூரத்தில் புகைபோக்கிகள், அவ்வளவுதான். ஆனால் அவன் கை நீட்டிய இடத்தில் காலால் தள்ளியபோது மணலுக்கு அடியில் காய்ந்த வேர்க்கட்டை ஒன்று இடறியது. பற்றிக்கொள்ள வேறு எதுவும் இல்லாதபோது மனிதன் எதையும் செய்வான். வேரிலிருந்து மேற்கே மூன்று எட்டு வைத்து, கூடார முளை அடிக்கிற சின்ன மண்வெட்டியால் தோண்டினேன். முழங்கை ஆழத்தில் மணல் நனைந்தது, பிறகு ஊறியது. எவர்சில்வர் டம்ளரில் மொண்டு பேனாவை விட்டேன். 4200. குடித்தால் செத்துப் போவான்.

பின்னாலிருந்து ஸ்டீபன் குரல். "மொதத் தண்ணி கடலோடதா? மூணு தபா எறைச்சுக் கொட்டணுமா? நைனா, கொட்டு நைனா, அக்கா சொல்லுது."

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். கடலோர மணலில் மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கும், அதுதான் ஊற்று. மேலே நல்ல தண்ணீர், இறைக்க இறைக்க உப்பு ஏறும். இது அறிவியல், நானே இதைப் பற்றி எழுதியிருக்கிறேன். உப்போடு ஆரம்பித்த குழியை இறைத்தால் இன்னும் மோசமாகத்தான் ஆக வேண்டும்.

குழி வற்ற இறைத்துக் கொட்டினேன். மறுபடி ஊறியதும் 1860. கொட்டினேன். 610. கொட்டினேன். ஊறுவதற்குக் காத்திருந்த நேரமெல்லாம் அவன் சொல்வதை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். நாலாவது முறை மொண்டேன்.

41.

எங்கள் வீட்டுக் கேன் தண்ணீர் அறுபதுக்குக் கீழே காட்டியதில்லை. பேனாவைத் துடைத்துவிட்டு மறுபடி விட்டேன், 41. சாம்பல் மணலில் நான் தோண்டிய குழி அது, அதில் ஒரு துளி கலங்கல் இல்லை. டம்ளரின் அடியில் என் கல்யாணத்தின்போது வெட்டிய பெயரின் ஒவ்வொரு எழுத்தும் தெரிந்தது, எழுத்தின் ஓரத்தில் இருந்த கீறல் கூடத் தெரிந்தது. வெயில் தண்ணீருக்குள் இறங்கி அடியைத் தொட்டு நின்றது. சில விநாடிகள் ஸ்டீபனையே மறந்துவிட்டேன். நம்பினால் நம்புங்கள், மண்டியிட்டிருந்தேன், எப்போது மண்டியிட்டேன் என்று தெரியவில்லை.

மாத்திரையைப் பிரித்தேன். போட்டால் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஸ்டீபனின் கண் செருகிக்கொண்டிருந்தது. எண்ணெயோ ரசாயனமோ இருந்தால் பேனாவில் தெரியாது, கிருமியும் தெரியாது. சரிபார்க்காத எதையும் நான் விட்டதில்லை, வேலையிலும் விட்டதில்லை, மலையிலும் விட்டதில்லை.

"துணி போடணுமாம் நைனா. எட்டா மடிச்சு." அவன் உதடு மட்டும் அசைந்தது. "மாத்திரை வேணாமாம்."

துண்டை எட்டாக மடித்து, அதில் வடித்து, முதலில் நான் ஒரு மடக்கு குடித்தேன். பிறகு மாத்திரையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். மூன்றாவது டம்ளரில் அவன் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. அதைப் பார்த்து அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

காலி பாட்டில் ஒன்றில் மிச்சத்தை நிரப்பி மூட்டையில் வைத்தேன். தேசப்பனின் படகுச் சத்தம் கேட்டது. அவர் குழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஸ்டீபனைத் தோளில் தூக்கிக்கொண்டார்.

மருத்துவமனையில் இரண்டு நாள் டிரிப்ஸ். வயிறு ஒன்றும் ஆகவில்லை, அவனுக்கும் ஆகவில்லை, எனக்கும் ஆகவில்லை. இரண்டாம் நாள் எழுந்து உட்கார்ந்து, "சோத்துல உப்பே இல்ல நைனா" என்று நர்ஸிடம் சண்டைக்குப் போனான். அந்தப் பகலைப் பற்றிக் கேட்டேன். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது, அடுத்து படகு ஞாபகம் இருக்கிறது. நடுவில் எதுவும் இல்லை.

"எந்த அக்கா? எனக்குக் கூடப் பொறந்ததே தம்பிங்கதான். வெயிலு உன்னியும்தான் அடிச்சிகீது."

மூட்டையைப் பிரித்தது அன்று மாலைதான். ஊற்றுத் தண்ணீர் நிரப்பிய பாட்டிலின் கழுத்தில், ரப்பர் பேண்ட் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு துணிக் கிழிசல் சுற்றி இரண்டு முடிச்சுப் போட்டிருந்தது. நீலக் கரை, பழைய புடவையின் ஓரம். என் துண்டு வெள்ளை. ஸ்டீபன் எடுத்து வந்த லுங்கி பச்சைக் கட்டம்.

பாட்டிலை எடுத்துக்கொண்டு தேசப்பனிடம் போனேன். அவர் முடிச்சைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"குடிக்கிற கொடத்துக்கு எங்காளுங்க கட்றது சார் இது. பொழங்குற கொடத்துக்குக் கட்ட மாட்டாங்கோ. பசங்க தெரியாம கைய வுட்ரக் கூடாது இல்ல, அதுக்கு. எங்கம்மாவுக்கு அப்பால யாரும் கட்டிப் பாக்கல. உனுக்கு யாரு கட்டிக் குட்தாங்க?"

"தெரியல."

"நீ குழி தோண்டுன எடத்தாண்ட ஒரு தாழம்பொதர் இருந்துச்சு. அது போயி எத்தினியோ வருசம் ஆச்சு" என்றார்.

பிறகு மூன்று முறை அங்கே போயிருக்கிறேன், ஒரு முறை நல்ல மழைக்கு மறுநாள். வேர்க்கட்டை இருக்கிறது. மேற்கே மூன்று எட்டு. குழி தோண்டி மூன்று முறை இறைத்துக் கொட்டிப் பேனாவை விட்டால், போன மூன்று முறையும் உச்ச எண். பாட்டில் என் மேசையில் இருக்கிறது, முடிச்சை அவிழ்க்கவில்லை. வெயிலில் ஸ்டீபனே கட்டியிருப்பான், துணி படகில் கிடந்திருக்கும், மனம் குழம்பிய நேரத்தில் நான் எண்ணைத் தப்பாகப் படித்திருப்பேன் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தாயிற்று. எனக்காக நானே எழுதிய திருத்தங்கள்.

எந்தத் திருத்தத்திலும் அடங்காதது நோட்டில் இருக்கிறது. அன்று என் கை எழுதிக்கொண்டே போனதே தவிர, என்ன எழுதுகிறது என்று நான் படிக்கவில்லை. மருத்துவமனை வராந்தாவில்தான் படித்தேன். என் கையெழுத்து, கோணல் மாணலாக, பக்கத்தில் மணி 12.51. கேள்வி அங்கே இல்லை, ஸ்டீபனின் பதில் மட்டும் இருக்கிறது.

"இல்லக்கா, அவுரு கண்ணுக்கு நீ தெரியல. எழுதிக்கினு கீறாரு. எழுதட்டும் வுடு."