ஸ்டெல்லா வீட்டு அரிசி டப்பா

மைசூரு மண்டி மொஹல்லாவில் நாங்கள் சில பெண்கள் சேர்ந்து வீட்டுக்கு ஒரு டப்பா கொடுத்திருந்தோம். சமைக்கும்போது அதில் ஒரு பிடி அரிசி போட்டுவைப்பார்கள். சனிக்கிழமை வாங்கிப்போய் இல்லாதவர்களுக்குக் கொடுப்போம்.

ஸ்டெல்லா வீட்டு டப்பா மூன்று வாரமாகக் காலி. "அடுத்த வாரம் தர்றேன்க்கா" என்றாள். "மனசில்லன்னா சொல்லிடு, எதுக்கு இழுத்தடிக்கிற?" என்று வெடுக்கென்று கேட்டு, டப்பாவையும் வாங்கி வந்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை, தேவராஜ மொஹல்லாவில் நாங்கள் அரிசி கொடுக்கும் வரிசையில் அவள் நின்றிருந்தாள். என்னைக் கண்டதும் வெறும் பையோடு திரும்பிப் போய்விட்டாள். மில் மூடி, கணவருக்கு ஒரு மாதமாக வேலை இல்லையாம்.

மாலையே அரிசியோடு ஓடினேன். "வேண்டாங்க" என்றாள். அக்கா என்றுகூடச் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் டப்பா காலியாக இருந்தால் நான் எதுவும் கேட்பதில்லை. நிரப்பி, அங்கேயே வைத்துவிட்டு வருகிறேன்.